இருவாச்சிக்கு வளைகாப்பு

தென்காசி வட்டாரத்தில் எழுபது வயதைத் தாண்டிய யாரை வேண்டுமானாலும் பிடித்து வௌவாலைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதில் பாதி தப்பாக இருக்கும், முழுவதும் சுவாரஸ்யமாக இருக்கும். இரண்டுக்கும் பொறுப்பு ஒரே ஆள்தான். ஸ்லைடு அண்ணாச்சி! அவருடைய நிஜப் பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மாதாமாதம் அதை டைப் அடித்தவன் நான். எனக்கே இப்போது மறந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. ஒரு பழைய பங்களா, மூன்று மைக்ராஸ்கோப், ஸ்பிரிட் பாட்டில்களுக்குள் நிறையத் தவளைகள், ஒரு டாக்டர், ஒரு டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் நான். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். இந்த வித்தியாசம் ஊருக்குப் புரிவதற்குள் நாலைந்து பேர் காய்ச்சலோடு வந்து எங்கள் வராந்தாவில் படுத்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் பொதுமக்களுக்கு விஞ்ஞானப் பேச்சு நடத்த வேண்டும் என்று தலைமையிடத்து உத்தரவு. எங்கள் டாக்டர் பட்டணத்துக்காரர். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் மேடையில் ஏறினால் வணக்கம் கூட 'குட் ஈவினிங்' என்றுதான் வரும். அப்புறம் குனிந்த தலை நிமிராமல் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் வாசிப்பார். முதல் வாரம் கூட்டத்துக்கு வந்தது நானும் வாட்ச்மேனும், வாட்ச்மேனின் ஆடும். ஆடு பாதியில் எழுந்து போய்விட்டது.

இனிமேல் இப்படி முடியாது என்று டாக்டர் தென்காசிக்குப் போய், ஒரு டூரிங் டாக்கீஸில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஆளைக் கையோடு அழைத்து வந்தார். கண்ணாடி ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டுவது, டாக்டர் பேசுவதைத் தமிழில் சொல்வது, இரண்டும் அவர் வேலை. தற்காலிகப் பதவிதான். பேச்சுகள் நடக்கும் வரை மட்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தது. ஒல்லியான உடம்பு, கோயில் மணி போல ஒரு குரல், கையில் திரையைச் சுட்டிக்காட்ட ஒரு மூங்கில் கம்பு. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதை நான் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

டாக்டர் ஒரு வரி சொல்வார். அண்ணாச்சி அதைப் பத்து நிமிடம் மொழிபெயர்ப்பார். டாக்டர் பொறுமையாகக் காத்திருப்பார். கூட்டம் சிரித்ததும், முடிந்தது போலிருக்கிறது என்று அடுத்த வரிக்குப் போவார்.

வௌவால் பேச்சன்று, ஸ்லைடில் வௌவால் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்த அண்ணாச்சி, ஸ்லைடைத் தப்பாகச் செருகிவிட்டோம் என்று மரியாதையாக நேரே திருப்பி வைத்துவிட்டார். திரையில் வௌவால் நின்றது. டாக்டர் பதறிப்போய்ச் சைகை காட்ட, அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்து, "இது பகல்ல இப்படித்தான் நிக்கும். நம்மளப் பாத்தா மட்டும் வெக்கப்பட்டுத் தலைகீழா தொங்கிரும்" என்று ஒரே போடாகப் போட்டார். இதை நம்பிய ஒரு தலைமுறை இன்றைக்கும் செங்கோட்டை வரை பரவிக் கிடக்கிறது.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வேறு. எந்தப் பிராணியைக் காட்டினாலும் அதற்கு ஊர், உறவு, மாமியார் எல்லாம் வைத்துவிடுவார். எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவுக்குச் சொந்த ஊர் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி. தட்டான்பூச்சி செங்கோட்டைக்காரி, மலையாளம் கலந்து பேசுவாள். மரங்கொத்திக்கு மாமியார் கொடுமை. டாக்டர் ஒரு நாள் பேச்சு முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இருவாச்சிப் பறவைக்கு ஆய்க்குடின்னு சொன்னீங்களாமே? ஆய்க்குடியில் இருவாச்சியே கிடையாதே. அது மலைக்காட்டுப் பறவை."

"சார், கல்யாணப் பேச்சுன்னா மாப்பிளைக்கு ஊரு எங்கனன்னு சொல்லணும்லா? ஊரு பேரு இல்லாத பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

டாக்டர் யோசித்துப் பார்த்து, அது சரிதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த இருவாச்சிதான் விஷயத்தைப் பெரிதாக்கியது. டாக்டர் அந்தப் பறவையைப் பற்றிப் பல வாரம் தொடர்ந்து பேசத் திட்டமிட்டிருந்தார். அண்ணாச்சி அதை அப்படியே கதாகாலட்சேபமாக்கிவிட்டார். பெண்கள் குடும்பத்தோடு பாய் கொண்டுவந்து உட்கார ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் இருவாச்சிக்குக் கல்யாணம் ஆனது. அன்று கடைசியில் அண்ணாச்சி குரலைத் தழைத்துக்கொண்டு, "அடுத்த வெள்ளிக்கெழம பொண்ணு மரப்பொந்துக்குள்ள போயிருவா. வாசல அடைச்சுக்கிட்டு முட்ட போட்டு அட காப்பா. குஞ்சு வளந்து வார வரைக்கும் வெளிய வர மாட்டா. புருசன் ஒருத்தந்தான் பழத்தக் கொண்டாந்து சின்னச் சந்து வழியா ஊட்டணும்" என்று நிறுத்தினார். முன் வரிசையில் பெட்டிக்கடை கோமதியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் தபாலில் கடிதம் வந்தது. பேச்சுகள் விஞ்ஞானமாக இல்லை, வேடிக்கையாக இருக்கின்றன என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பேச்சுகள் நிறுத்தப்படும். பேச்சு நின்றால் அண்ணாச்சியின் வேலையும் நின்றுவிடும். நான்தான் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"திரும்ப டாக்கீசுக்குப் போகலாமே, அண்ணாச்சி" என்றேன் ஆறுதலாக.

"அங்கன மிஷின்தான்வே பேசும். நான் பேச முடியாதுலா" என்றார். அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கினார். பருத்த தேகம், மூட்டு வலி. மாசி மாதம், அருவி நூல் போல விழுந்துகொண்டிருந்தது. குளிக்க ஆளில்லாத காலம். பெரிய அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடும் பிச்சையா, வாராது வந்த அந்த ஒரே வாடிக்கையாளரை ஒரு மணி நேரம் உருட்டிப் பிசைந்து அனுப்பினார். பிச்சையாவும் எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்தான். சீசன் இல்லாதபோது அவருக்கு வேறு என்ன வேலை?

மாலை ஐந்து மணி. அதிகாரி முன் வரிசை நாற்காலியில், நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக. மேஜை மேல் பாடம் பண்ணிய இருவாச்சி ஒன்று. டாக்டர் 'குட் ஈவினிங்' என்று ஆரம்பிக்கவும், வெளியே குலவைச் சத்தம் கேட்டது.

கோமதியக்கா தலைமையில் முப்பது நாற்பது பெண்கள் தாம்பாளங்களோடு உள்ளே வந்தார்கள். கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ. புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம். தனியாக ஒரு தாம்பாளம் நிறைய அத்திப்பழம், ஏனென்றால் இருவாச்சிக்கு அதுதான் பிடிக்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். ராமாயணம் வாசித்தால் சீதா கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோகிற ஊர். இருவாச்சிக்கு மட்டும் சும்மா விடுமா?

"என்ன இது?" என்றார் அதிகாரி.

"புள்ள உள்ள போறதுக்கு முன்னால வளைகாப்பு போட்டு அனுப்பணும்லா, ஐயா. தாய் வீட்டுல கேக்க நாதியில்லன்னு நெனச்சிட்டியளா?" என்றார் கோமதியக்கா. நேரே மேஜைக்குப் போய், பறவையின் காலில் வளையலை மாட்டிவிட்டு, கழுத்தில் பூவைச் சுற்றினார்.

அண்ணாச்சி மூங்கில் கம்பைக் கீழே வைத்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் டாக்டர் கத்தினார். "ஐயோ, அம்மா! அது ஆண்! கண்ணைப் பாருங்க, சிவப்பா இருக்கு. பெண்ணுக்குக் கண் வெள்ளையா இருக்கும்!"

மேடையில் டாக்டர் பேசிய முதல் தமிழ் அதுதான். அண்ணாச்சி பழக்க தோஷத்தில் அதையும் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, தமிழாக இருக்கிறதே என்று மூடிக்கொண்டார். ஆனால் மறுகணமே சுதாரித்து, "அதனால என்ன? சோறூட்டப் போறவன் அவந்தான. அவனுக்கும் சீர் செய்யணும்லா!" என்றார். பங்களாவே அதிரச் சிரிப்பு எழுந்தது.

சிரிப்பு அடங்கும்போது பின்னால் பிச்சையா எழுந்து நின்றார். "டாக்டரய்யா, ஒரு சந்தேகம். அந்த ஆம்பளைய யாரும் சுட்டுப்புட்டா, உள்ள இருக்கவ என்ன செய்வா?"

டாக்டர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கையால் அவரையே காட்டினார். டாக்டரே மெதுவாகச் சொன்னார். "உள்ளே போனதும் அவளுக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துடும். பறக்க முடியாது. அவன் வருவான்னு காத்திருப்பா. அப்படியே குஞ்சோட பட்டினியில செத்துப் போவா."

பிச்சையா நின்றபடியே மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். "இது இருவாச்சி எண்ணெய். மூட்டு வலிக்குக் கேக்காங்கன்னு மலைக்காரன்கிட்ட சொல்லிப் பறவையச் சுட வச்சு, கொழுப்ப உருக்கி வாங்குதேன். இன்னைக்குக் காலைல இந்த ஐயா முட்டுல தேச்சதும் இதுதான்."

நாற்பது பெண்களும் ஒன்றாகத் திரும்பி அதிகாரியின் முழங்காலைப் பார்த்தார்கள். அதிகாரி நோட்டுப் புத்தகத்தை எடுத்து முழங்காலை மறைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பிச்சையா குப்பியைச் சீர்த் தாம்பாளத்தில் வைக்கப் போனார். கோமதியக்கா விடவில்லை. "எடும் அத அங்குட்டு! செத்தவன் எண்ணெயையா மங்கல காரியத்துல வைக்கீரு?" பிச்சையா வெளியே போய் அதை மண்ணில் கொட்டிவிட்டு வந்தார். பிறகு அவர் அந்த எண்ணெயைத் தொடவில்லை. அதற்கு நானே சாட்சி, எனக்கும் மூட்டு வலி வந்தபோது வெறும் நல்லெண்ணெய்தான் தேய்த்துவிட்டார்.

அதிகாரி எலுமிச்சஞ்சாதம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அத்திப்பழத்தை மட்டும் தொடவில்லை. பத்து நாளில் அவருடைய அறிக்கை வந்தது. பேச்சுகள் மிகவும் பயனுள்ளவை, தொடரலாம் என்று எழுதியிருந்தார். நான் துள்ளிக் குதித்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் இன்னொரு வரி: டாக்டரே தெளிவாகத் தமிழ் பேசுவதால் மொழிபெயர்ப்பாளர் பதவி இனித் தேவையில்லை.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லிப் பதில் கடிதம் சொன்னார். 'அன்று நான் பேசியது பதற்றத்தில் தவறிப்போய் வந்தது. மேடையில் பேசும் அளவுக்கு எனக்குத் தமிழ் வராது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச்சு நடத்த இயலாது.' என் சர்வீஸில் நான் அடித்த பச்சைப் பொய் அது ஒன்றுதான். ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்தேன்.

மேலிடமும் அதை நம்பிப் பதவியை விட்டுவைத்தது. பொய்யை மெய்யாக்க வேண்டும் என்று, அந்த நிலையத்தில் இருந்த வரைக்கும் டாக்டர் மேடையில் ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. பதில் கடிதம் அனுப்பிய வாரம், அதை நான் அண்ணாச்சியிடம் ரகசியமாகக் காட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை டாக்டர் வழக்கம்போல மேடை ஏறி, 'குட் ஈவினிங்' என்றார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அந்தக் குட் ஈவினிங்கைப் பத்து நிமிடம் மொழிபெயர்த்தார். அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு.