பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு

லெப்டொப்பின் சார்ஜர் வாவிக்குள் விழுந்தபோது அழகரத்தினமும் கூடவே குதித்தார்.

நல்லவேளை, பாதைத்தெப்பம் மண்டூர்க் கரையை நெருங்கிவிட்டிருந்தது. இடுப்பளவு தண்ணீர்தான்.

"அப்பிடி என்ன சாமான் அது, தங்கமா?" தெப்பக்காரர் கேட்டார்.

"கண்ணகைட வயர்!" என்றார் அழகரத்தினம், சேற்றைத் துழாவியபடி.

கண்ணகை அவருடைய மனைவி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. போய் மூன்று வருடம். மாதத்தில் ஒரு ஞாயிறு அழகரத்தினம் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய், கொமினிக்கேசன் கடை போனுக்கு வரிசையில் நின்று அவளோடு பேசுவார். பேசுவது என்றால் அவள்தான் பேசுவாள். பின்னால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் வாயில் வருவது மூன்றே சொற்கள்: "ஓம்... ஓம்... சுகம்."

அன்று காலை மட்டக்களப்பு பஸ் நிலையத்தில், குவைத்தில் அவளுக்கு அடுத்த வீட்டில் வேலை செய்து லீவில் வந்திருந்த ஓட்டமாவடி ஸஹீதா, பஸ் ஜன்னலுக்குள்ளால் ஒரு கறுப்புப் பையை நீட்டியிருந்தாள்.

"லெப்டொப் அண்ணன். கண்ணகை அக்கா குரல் விசயமாத் தந்துவிட்டவ. திறந்தாலே தெரியும். இதுர பற்றறி செத்துட்டு, வயரைக் கொளுவினாத்தான் வேலை செய்யும். சனிக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து தாங்க, ஞாயிறு எனக்குப் பிளேன்."

பஸ் கிளம்பிவிட்டது. அழகரத்தினம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு பெட்டி நிறையக் கண்ணகையின் குரல்! யாரும் பின்னால் நிற்காமல், ஆறுதலாக உட்கார்ந்து கேட்கலாம். மண்டூரில் கரண்ட் கம்பி சண்டையில் போய்ப் பதினைந்து வருடமானால் என்ன, ஊர்க் கடைக்காரரிடம் ஜெனரேற்றர் இருக்கிறது.

தெப்பம் ஏறும் துறையில் சென்றியில் நின்ற ஆமிக்காரர்கள் பையைக் கவிழ்த்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டு விட்டார்கள். அந்தப் பதற்றத்தில் பையின் ஸிப்பை அவர் சரியாக இழுக்கவில்லை.

றேடியோ திருத்தும் வினாயகமூர்த்தி சார்ஜரைப் பிளந்தார். வாவித் தண்ணீரோடு ஒரு குட்டி இறாலும் வந்து மேசையில் துள்ளியது.

"றேடியோ திருத்துவன். இறால் திருத்தத் தெரியா."

"வேற எடுக்கேலாதா?"

"கொழும்புக்குச் சொல்லி அனுப்பினா ஒரு மாதம்."

"எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான்."

அவருடைய முகத்தைப் பார்த்த வினாயகமூர்த்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெட்டியின் அடியில் எழுதியிருந்ததை வாசித்தார். "பத்தொன்பது வோல்ற் கேக்குது. உழவு மெசின் பற்றறி பன்னிரண்டு. ரெண்டு வைச்சா இருபத்தினாலு, பெட்டி புகைஞ்சிரும். பழைய மோட்டர் சைக்கிள் பற்றறி ஆறு. பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு."

"ஒண்டு குறையுதே?"

"பொண்சாதி கொஞ்சம் மெதுவாப் பேசுவா. பரவாயில்லையா?"

ஆறு வோல்ற் லேசாகக் கிடைத்தது. அருமைநாயகம் மாஸ்டர் தன் ஹொண்டாவிலிருந்து கழற்றித் தந்தார். தந்ததோடு நிற்காமல், கண்ணகை என்ன சொல்கிறாள் என்று கேட்கப் பின்னாலேயே நடந்தும் வந்தார்.

பன்னிரண்டுதான் கஷ்டம். வல்லிபுரத்தின் உழவு மெசின் வயல் வட்டைக்குள் நெற்சூடு மிதித்துக்கொண்டிருந்தது.

"வேளாண்மை களத்தில கிடக்கு, மழையும் இருட்டுது. இப்ப வந்து பற்றறி கேக்கிறாய். பயித்தியமா?"

"டீசல் மெசின்தானே. ஓடிக்கொண்டிருக்கக்குள்ள பற்றறி தேவையில்ல. நிப்பாட்டாம ஓட்டு. ஒரு மணித்தியாலத்தில கொண்டு வாறன்."

வல்லிபுரம் நெல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அழகரத்தினத்தையும் பார்த்தார். "மெசின் நிண்டா உன்னைத்தான் சூடு மிதிக்க விடுவன்" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார்.

சைக்கிள் கரியரில் பற்றறி குலுங்கிக் குலுங்கி வந்தது. வந்து சேர்ந்தபோது அழகரத்தினத்தின் புதுச் சாறனில் அசிட் பட்டு வரிசையாக ஓட்டைகள். கடை வாசலில் இருபது பேர். வினாயகமூர்த்தி சார்ஜர் வயரின் நுனியை வெட்டி, இரண்டு பற்றறிகளையும் கோர்த்துப் பெட்டியில் கொளுவினார்.

திரை நீலமாக எழுந்தது. எல்லோரும் "ஆ!" என்றார்கள். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதில் ஒரேயொரு வட்டப் பொத்தான்.

"இதைத்தான் அமத்தோணும் போல" என்று வினாயகமூர்த்தி அமத்தினார்.

சதுரத்துக்குள் ஒரு பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. குரல் இல்லை.

"சத்தம் போடாதங்க, பேசப் போறா!"

யாரோ இருமினார்கள். கோடு துள்ளியது.

"பாத்தயளா, கண்ணகை இருமுறா" என்றார் மாஸ்டர். "அங்க ஏசிக் குளிர்."

அந்த நேரம் வல்லிபுரம் வைக்கோலும் வியர்வையுமாக உள்ளே பாய்ந்தார். "மெசின் நிண்டுட்டுடா! சூட்டுக்கு நடுவில நிக்குது! தா என்ர பற்றறிய!" கோடு எகிறிக் குதித்தது.

"கத்தாத மனிசா, கண்ணகைக்கும் கோவம் வருது!"

அரை மணித்தியாலம் போனது. கோடு ஓடியதே தவிர ஒரு சொல் வரவில்லை. சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது. வல்லிபுரம் பற்றறி வயரில் கை வைத்தார்.

"அஞ்சு நிமிசம், வல்லிபுரம்."

வல்லிபுரம் ஏச வாயெடுத்தவர், ஓட்டைச் சாறனோடு நின்ற மனிதனைப் பார்த்துவிட்டு, வினாயகமூர்த்தியையும் இழுத்துக்கொண்டு வெளியே சுருட்டுப் பற்றவைக்கப் போனார்.

அழகரத்தினம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன புள்ள, பேசாம இருக்கிறாய்? கோவமா? போன்ல நான் ஒண்டும் பேசுறல்ல எண்டா? பின்னால பத்துப் பேர் நிக்கிறான் புள்ள. அவனுகளுக்கு முன்னால என்னெண்டு சொல்றது, நீ இல்லாம வீட்டுக்குள்ள போகவே மனமில்ல எண்டு? சோறு இன்னும் ரெண்டு பேருக்குத்தான் ஆக்குறன். ஒராளுக்கு ஆக்க அளவு கைக்கு வருதில்ல. மிச்சத்தைத் திண்டு நாய் கொழுத்துட்டு. நீ நட்ட முருங்கை காத்துக்கு முறிஞ்சுது, மறுகாத் தழைச்சிட்டு. மாமாங்கக் கோயில் தேருக்கு இந்த முறையும் போகல்ல. ஆரோட போற? உன்ர சீலை ஒண்டு கொடியில கிடக்கு. காய்ஞ்சு மூணு வருசம். எடுத்து மடிச்சா நீ போனது உறுதியாப் போயிரும் எண்டு விட்டு வைச்சிருக்கன்..."

திரையில் படிந்த தூசியைச் சாறன் நுனியால் துடைத்தார். பிறகு, "உழைச்சது காணும் புள்ள. வந்திரு" என்றார்.

திரை மங்கத் தொடங்கியது. வினாயகமூர்த்தி ஓடி வந்து சதுரத்தை மூடப் பார்த்தார்.

"என்னவோ இங்கிலீசில கேக்குது. யெஸ்ஸா, நோவா?"

"எதுக்காம்?"

"ஆருக்குத் தெரியும்."

"ஓமெண்டு அமத்துங்க" என்றார் அழகரத்தினம், முகத்தைத் துடைத்தபடி.

வெறுமையாகிப் போன பற்றறியால் மெசினை உசுப்ப முடியவில்லை. குரல் கேட்க வந்த அத்தனை பேரும் வட்டைக்குள் இறங்கித் தள்ளினார்கள். மழை பிடித்துக்கொண்டது. வல்லிபுரம் வானத்தையும் அழகரத்தினத்தையும் மாறி மாறி ஏசினார்.

சனிக்கிழமை பஸ் நிலையத்தில் பையைக் கொடுக்கும்போது அழகரத்தினம் அதன் ஸிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, பெட்டி பேசல்ல. அல்லாட்டி எனக்குத்தான் கேக்கல்ல. அவகிட்டச் சொல்லாத. கேட்டாராம், நல்லாப் பேசியிருக்கா எண்டாராம், எண்டே சொல்லு."

ஸஹீதா விளங்காமல் அவரைப் பார்த்தாள். "அக்கா இதில எங்க பேசினவ அண்ணன்? மூணு வருசமா ஓமைத் தவிர ஒங்கட வாயால ஒரு சொல் கேக்கல்ல எண்டு, ஒங்கட குரலைப் பதிஞ்செடுத்து வரச் சொல்லித்தானே தந்துவிட்டவ!"