தேத்தண்ணி போட்டது ஆர்?

கனடாவின் மொன்றியலில் பென்சில் அண்ணையிடம் பொய் சொல்லித் தப்பியவர் எவரும் இல்லை. செத்துப்போன தலைவர்களைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நாங்கள் இருவரும் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டி அடுக்குகிற வேலை செய்தோம். அண்ணையின் காதில் எப்போதும் ஒரு பென்சில். சாப்பாட்டு நேரத்தில் கையில் ஒரு சுயசரிதை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்துப் புத்தக அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார். வேறு எதையும் தொடமாட்டார்.

"ஒரு நாவல் வாசிச்சுப் பாருங்கோவன், அண்ணை."

"நாவல் எழுதுறவன் பொய் எண்டு சொல்லிப்போட்டே பொய் சொல்லுறான். இவங்கள் உண்மை எண்டு சத்தியம் பண்ணுறாங்கள். கண்டுபிடிக்கிறதிலைதான் தம்பி ருசி!"

கண்டுபிடித்ததைப் பக்க ஓரத்தில் எழுதிவிடுவார். 'தினமும் நாலு மணிக்கே எழுந்து எழுதினேன்' என்று ஒரு தலைவர் பெருமைப்பட்டால், பக்கத்தில்: 'தேத்தண்ணி போட்டது ஆர்?' பகைவரை மன்னித்துவிட்டதாக இன்னொருவர் சொன்னால்: 'பேந்து ஏன் அவையளைத் திட்டிப் பதினாலு பக்கம்?' தன் வெற்றிக்குத் தானே காரணம் என்ற விளையாட்டு வீரருக்கு: 'சொக்ஸ் தோய்ச்சது ஆர்?'

அலுமாரிக்குப் பொறுப்பான அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார். "இனி அவருக்குப் புத்தகம் இல்லை!" என்று என்னிடம் பதினொரு புத்தகங்களையும் ஓர் அழிறப்பரையும் தந்தார். "உம்மடை கூட்டாளிதானே? அழிச்சுக்கொண்டு வாரும்."

அடுத்த நாள் அண்ணை சாப்பாட்டு நேரத்தில் மருந்துப் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்தார். "இதிலை ஒரு பொய்யும் இல்லையடா தம்பி" என்று பெருமூச்சு விட்டார்.

வீட்டில் அழிக்க உட்கார்ந்தேன். என் மனைவி ஒரு புத்தகத்தைப் புரட்டிச் சிரித்தாள். இன்னொன்றைப் புரட்டியபோது சிரிக்கவில்லை. "வையுங்கோ றப்பரை" என்றாள்.

ஞாயிறன்று பதினொரு புத்தகங்களையும் அவளே கொண்டுபோனாள். அக்கா அப்போது பூசைக்கு வந்த சனத்துக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக அவர்தான் ஊற்றுகிறார். நாலு மணித் தலைவரின் பக்கத்தை அவள் விரித்துக் காட்டினாள். அக்கா வாசித்தார். கேத்தலைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

"சரி, அவரைப் புத்தகம் எடுக்கச் சொல்லும். ஆனா பென்சில் மட்டும். பேனை கூடாது!"

"உங்கடை சரித்திரத்தையும் எழுதுங்கோவன், அண்ணை" என்று பிறகு நான் சீண்டினேன்.

"எழுதினா நானும் மாட்டுவன், தம்பி. மனுசி போட்ட தேத்தண்ணியை முப்பது வருசம் குடிச்சனான். அவள் செத்தாப் பிறகுதான் அந்தக் கேள்வியே எனக்கு வந்தது."

இப்போது அண்ணையும் இல்லை. இந்தக் கட்டுரையைத் தனியாக உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன் என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் இடையில் மூன்று முறை தேத்தண்ணி வந்தது. போட்டது என் மனைவி. வேறு ஏதும் விட்டிருப்பேன். ஓரத்தில் இடம் வைத்திருக்கிறேன், அண்ணை.