பச்சைப் புல்லுக்கு ரெண்டு டிக்கெட்

பெண்கள் கோல்ஃப் போட்டியை நேரில் பார்த்தே தீருவது என்று மல்லசமுத்திரம் தீனதயாளன் சபதம் எடுத்தது ஒரு மதியம், பாதித் தூக்கத்தில்.

ஆயுசுபூராவும் தண்ணீருக்குப் போர் போட்டவர் அவர். ரிக் வண்டி போடும் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆயிரம் அடி துளைத்தாலும் புழுதிதான் மிச்சம். வண்டியை மகனிடம் விட்டபின் ஒருநாள் டிவியில் இதைப் பார்த்தார். ஒரு பெண் அடிக்கிறாள். பந்து மேலே மேலே போய் மேகத்தில் கரைகிறது. அப்புறம் இலவம்பஞ்சு மாதிரி பச்சையில் இறங்குகிறது. வர்ணனை சொல்பவர்கூட, தொட்டில் குழந்தை எழுந்துவிடும் என்பதுபோல் கிசுகிசுக்கிறார். சாண் அகலம்கூட இல்லாத குழி, அதற்குக் கைதட்டல்! கண்ணை மூடினால் தீனதயாளன் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். கூட யாருமில்லை. முக்கியமாக, மனைவி சென்னியம்மாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இறுதிச் சுற்று. தனியாகப் போகிறேன் என்றால் விடமாட்டாள். அதனால் அவளையும் கூப்பிடுவது, ஆனால் அவளே வேண்டாம் என்னும்படி கூப்பிடுவது. ரெண்டு பஸ் டிக்கெட்டோடு சமையலறைக்குள் நுழைந்தார்.

"சென்னி, பெங்களூர்ல கோல்ஃப் நடக்குது. நீயும் வா."

"நானுங்களா?" பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஆனா நாள்பூரா வெயில்ல நடக்கோணும்."

"டாக்டரு என்னைய நடக்கத்தானுங்க சொன்னாரு."

"வாயத் தொறக்கக் கூடாது."

"ஊட்டுல மட்டும் யாருகிட்டப் பேசறேன்? நீங்கதான் தூங்கீட்டே இருக்கறீங்களே."

தீனதயாளன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "உனக்குப் போர் அடிக்கும் புள்ள."

"போர் அடிக்கறவரையே கட்டீட்டு இத்தன வருசம் ஓட்டீட்டனுங்க." பெருமூச்சு விட்டாள். "ஆனா எருமைய யாருங்க கறக்கறது?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இப்போது கொஞ்சம் தியாகம் காட்டினால், 'ஐயோ, நீங்க போயிட்டு வாங்க' என்பாள்.

"அதுக்காவ நீ நின்னுக்காத சாமி. நான் இருந்து கறக்கறேன். நீ போயிட்டு வா."

"நெசமாலுமுங்களா?"

"அட, உனக்கில்லாததா!"

சென்னியம்மாள் கையைத் துடைத்தாள். டிக்கெட்டை வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பக்கமாகக் குரல் கொடுத்தாள்.

"மோனிஷாக் கண்ணு! ஞாயித்துக்கெழம நாம பெங்களூர் போறோம். மாமா டிக்கெட்டு உனக்குத்தான்!"

தீனதயாளன் டிக்கெட்டை நோக்கிக் கையை நீட்டினார். "அங்க அப்படி என்ன பாக்கப் போற?"

"அந்தப் புள்ளைக கையை வீசீட்டு முன்னால நடக்குது. பையத் தூக்கீட்டு ஒரு ஆம்பள பின்னால வாராரு. அத ஒருக்கா நேர்ல பாக்கோணுங்க."

ஞாயிறன்று எருமை உதைத்த உதையில் பாலும் போனது, சொம்பும் நசுங்கியது. நொண்டிக்கொண்டே வந்து டிவி முன்னால் விழுந்தார். பச்சை விரிந்தது. பந்து மிதந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம். அதில் அரக்குச் சேலையும் குடையுமாக, செருப்பைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு சென்னியம்மாள்! அவருடைய கனவுக்குள் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

வெளியே எருமை கத்தியது. பதறிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்தது. கட்டானது.

நேரடி ஒளிபரப்பானாலும் அங்கே நடப்பதை டிவி சற்றுப் பின்தங்கித்தான் காட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் சென்னியம்மாள் இடுப்பிலிருந்து செல்லை எடுத்தாள், பேரைப் பார்த்தாள், அவர் கண்ணெதிரே நிதானமாக இன்னொரு தடவை கட் பண்ணினாள்.