தென்னைக்குப் போன வெள்ளிக் காப்பு

படித்தவர்கள் வீட்டில் செய்யும் முட்டாள்தனத்துக்கு மட்டும் ஒருவரும் குறுக்கே நிற்பதில்லை. நான் இரசாயனப் பட்டதாரி. அதனால்தான் என் அக்காவின் மகளுக்கு வெள்ளிக் காப்பு இல்லாமல் போனது.

அத்தானுக்கு வாழைச்சேனையில் ஒரு பட்டறை. பழைய மோட்டர், சுவிட்ச் எல்லாவற்றிலுமிருந்து செம்பை உருக்கித் தகடாக்கி, அமிலத் தொட்டியில் மின்சாரம் விட்டுச் சுத்தமாக்குவார். தகடு கரையக் கரைய அடியில் கறுப்பாக ஒரு சேறு படியும். அவர் அதை வாளியில் அள்ளி மூலையில் போட்டுவைப்பார். வாளியைக் கண்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவிட்ச் முனைகளில் வெள்ளி உண்டே, அது கரையாமல் வேறெங்கே போயிருக்கும்?

அக்காவின் குழந்தைக்கு முப்பத்தொன்று, துடக்குக் கழித்துக் காப்புப் போடும் முப்பத்தோராம் நாள், நெருங்கிக்கொண்டிருந்தது.

“காப்பு வாங்காதீங்க. இந்தச் சேத்துக்குள்ள இருந்து நான் எடுத்துத் தாறன்,” என்றேன்.

“பிள்ளைட கையில போடுற சாமான்டி. விளையாடாத,” என்றாள் அக்கா.

“மச்சாள் கம்பஸ்ல படிச்சவ. சும்மா சொல்லுவாவா?” என்றார் அத்தான். (பாவம், நல்ல மனிதர்.)

வாவியோரம் இருக்கும் அக்கா வீட்டின் பின்வளவில் வேலை தொடங்கியது. முதலில் சேற்றைத் தண்ணீர் கலந்து ஐதாக்கிய கந்தக அமிலத்தில் சூடாக்கி, மீன்தொட்டிப் பம்பால் காற்று விட்டேன். மிச்சச் செம்பு நீலமாகக் கரைந்து வெளியேறியது. பிறகு நைத்திரிக் அமிலம் ஊற்றி, மண்ணிறப் புகைக்குத் தூர ஓடி நின்றேன். வெள்ளி கரைந்துவிட்டது! இனி காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீரால் ஐதாக்கிச் செப்புக்கம்பி ஒன்றைத் தொங்கவிட்டால், கம்பியிலே வெள்ளி பூத்து வரும். பற்றரித் தண்ணீர் முடிந்திருந்தது. கிணறு பக்கத்தில்தான் இருந்தது.

ஒரு வாளி ஊற்றியதும் சாடி வெள்ளையாகக் கலங்கியது.

“என்னடி, பால் திரைஞ்ச மாதிரி இருக்கு?”

“அது கிணத்து ஊத்தை, அக்கா,” என்றேன், வெகு ஞானத்தோடு. அந்த ஊத்தையைப் பொறுமையாக வடித்தெடுத்துத் தென்னையடியில் கொட்டினேன். தெளிந்த நீரில் கம்பியைத் தொங்கவிட்டு, பொழுதுபடும்வரை குந்தியிருந்து பார்த்தேன். ஒன்றும் பூக்கவில்லை.

மறுநாள் முப்பத்தொன்று. வீடு வாசல் கழுவும் ஆரவாரத்தில் கண்விழித்துப் பின்வளவுக்குப் போனேன். தென்னை வேரில் மிச்சமாக ஒட்டியிருந்த சிறு வெள்ளைத் திட்டு, வெயில் பட்டு ஊதாவாகியிருந்தது. நான் கொட்டிய ஊத்தைதான் வெள்ளி. உப்புத் தண்ணீர் பட்டால் வெள்ளி வெண்படிவாக இறங்கும், வெளிச்சத்தில் கறுக்கும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டாலே உப்புக் கரிக்கும்!

“அத்தான், தென்னையடியைக் கழுவாதீங்க!”

“அது முதல்லயே கழுவியாச்சு மச்சாள். ஒரே வெள்ளையாக் கிடந்தது, நல்லா அடிச்சுவிட்டன்,” என்றார் பெருமையாக.

அன்று குழந்தை கறுப்பு நூலோடு சபைக்கு வந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அந்த வெறுங்கையைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். நான் வெட்கம் தாங்காமல் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

பிறகு கடையில் வாங்கிப் போட்ட காப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தத் தென்னையில் இளநீர் பறித்தால் அத்தான் முதல் காயை அவளிடம்தான் நீட்டுவார்.

“இந்தா, உன்ட காப்பு. சின்னம்மா செஞ்சது.”

அவள் அதைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொல்வாள்: “இன்னும் கிலுங்கல்ல, சின்னம்மா.”