சேட்டுப் பொக்கற்றில் ஒரு மூடி

தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பவனிடம் எந்த இயந்திரத்தையும் ஒப்படைக்கக் கூடாது. நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில், துறைமுகச் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் கந்தோரொன்றில் ஆறு கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இண்டர்நெட் எங்களை எட்டவில்லை. இன்று உலகக் கணினிகளெல்லாம் கதைக்கும் பொதுப் பாஷை எங்கள் ஆறுக்கும் தெரியாது. தங்களுக்குள் மட்டும் ஏதோ கதைத்தன. எல்லாவற்றையும் கோத்து ஒரே வயர். கடிதங்களும் பிரிண்டரும்கூட அந்த வயர் வழிதான். அதன் இரண்டு முனையிலும் விரல்நுனி அளவில் ஒவ்வொரு உலோக மூடி. ஒன்றைக் கழற்றினால் ஆறும் ஊமை. (இது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வினை அங்கேதான்.)

ஒரு வெள்ளி பின்னேரம் முதலாளி அருளையா சொன்னார்: "எல்லாம் தன்பாட்டில ஓடுது தானே தம்பி. பிறகு உமக்கு இஞ்ச என்ன வேலை?"

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு மூடியைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். மறுநாள் ஒரு மணித்தியாலம் பிந்திப் போவது, எல்லோரும் தவிக்கும்போது ரகசியமாகப் பூட்டுவது, தெய்வமாவது. இதுதான் திட்டம்.

சனி காலை, அதே சேட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில், வெள்ளவத்தையில் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், பொக்கற்றில் இன்னதென்று தெரியாத உலோகத் துண்டு. "மே மொகத்த?" இது என்னவென்று கேட்ட சிப்பாய்க்கு விளக்க என் சிங்களம் போதவில்லை. (தமிழிலும் முடிந்திராது.) ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்தேன். அப்படி உள்ளே போய்த் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும்.

கந்தோரிலிருந்து டைப் அடித்த கடிதம் வந்தால் விடலாம் என்ற இன்ஸ்பெக்டர், போன் எடுக்க அனுமதித்தார்.

"எங்கயப்பா நிக்கிறீர்? இஞ்ச ஒண்டும் வேலை செய்யுதில்ல!" அருளையா கத்தினார்.

"பொலிசில நிக்கிறன் சேர். நான் உங்கட ஆள் எண்டு ஒரு கடிதம் அடிச்சு அனுப்புங்கோ."

"எப்பிடி அடிக்கிறது? எல்லாம் செத்துக் கிடக்கு. நீர் வந்து திருத்தும், உடன அடிக்கிறன்."

"கடிதம் வந்தாத்தான் சேர் நான் வரலாம்."

கடிதத்துக்கு வயர் வேண்டும். வயருக்கு மூடி வேண்டும். மூடி இன்ஸ்பெக்டரின் மேசையில் சாட்சிப் பொருளாக இருந்தது. (அதை அருளையாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அந்த நிலையிலும்!)

கடைசியில், நான் வேலைக்குச் சேர்ந்த கிழமையே மாடிப்படிக்குக் கீழே தள்ளுவித்த டைப்ரைட்டரைக் கந்தோர் டைப்பிஸ்ட் பிலோமினா அக்கா இழுத்தெடுத்தாராம். இரண்டு மணிக்கு அருளையாவே கடிதத்துடன் வந்தார். இன்ஸ்பெக்டர் மூடியைத் திருப்பித் தந்தார். அருளையா அதை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இது எங்கட வயரில இருக்கிற சாமான் எல்லே? உம்மட பொக்கற்றுக்குள்ள ஏன் வந்தது?"

"துடைக்க எடுத்தனான் சேர்."

அவர் என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போய், தன் கண்முன்னாலேயே அந்த மூடியைப் பூட்டவைத்தார்.

இந்தக் கதையைக் கலியாணவீடு, செத்தவீடு பாராமல் எங்கள் குடும்பம் இன்னும் சொல்கிறது. வீட்டில் வைஃபை நின்றால், "அப்பா, பொக்கற்றைக் காட்டுங்கோ" என்பாள் மகள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழியில்லை.

அம்மா மட்டும் சிரிப்பதில்லை. அன்று நான் வரும்வரை கேற்றடியில் நின்றவள். இப்போதும் நான் வெளிக்கிட்டால் கிட்டக் கூப்பிட்டு, பொக்கற்றைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் "போயிட்டு வா" என்பாள்.