கறுப்பு முனைக் கார்டு

கார்டைத் தபால் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் செல்வகணேஷ் தன் பெருவிரலைப் பார்த்தான். தீக்குச்சி மருந்து கன்னங்கரேலென்று ஒட்டியிருந்தது.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிறவன் கை அப்படித்தான் இருக்கும். ஆனால் கார்டு முனையில் கறுப்பு இருந்தால் அது சாவுச் செய்தி. படிப்பதற்கு முன்பே ஒப்பாரி வைத்துவிடுவார்கள்.

கார்டு போவதோ கடம்பூருக்கு, பூவனலிங்கம் மாமாவுக்கு. எழுபத்தாறு வயசு. செல்வகணேஷின் மனைவி மாரிசெல்விக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காது குத்த, மாரிசெல்வியுடைய அம்மாவின் தம்பியான இந்த மாமா மடிதான் வேண்டும். ஆறு வருஷமாக மாதம் ஒரு கார்டு எழுதி, மாதம் ஒரு பதில் வாங்கும் பாசம். அந்த மனுஷனுக்கு ஒன்று என்றால் செல்வகணேஷுக்குத் தாங்காது.

செவ்வாய்க்கிழமை போட்ட கார்டைப் பற்றி வியாழக்கிழமைதான் வீட்டில் சொன்னான்.

"நல்ல காரியத்துக்குக் கறுப்புக் கார்டா? ஒங்க கைய வச்சாலே வெளங்காது. நவுருங்க, நானே எழுதுதேன்."

மாரிசெல்வி புதுக் கார்டில் நாலு முனையிலும் மஞ்சள் தடவினாள். "விசேஷத்துக்குக் கட்டாயம் வரவும்" என்று எழுதி, தானே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். உட்கார்ந்ததும் தலையில் கை வைத்தாள்.

"ஏங்க, செவ்வாக்கிழமை கறுப்புக் கார்டு, வியாழக்கிழமை மஞ்சக் கார்டு. நான் செத்து ரெண்டே நாள்ல நீங்க அடுத்த கல்யாணத்துக்குத் தேதி வச்சிட்டீங்கன்னுல்லா மாமா நெனைப்பாவ!"

"ஏட்டி, அது ஒன் கையெழுத்துல்லா?"

"என் கையெழுத்த அவிய எங்க பாத்தாவ? புதுப் பொண்டாட்டி எழுதுதான்னு நெனைப்பாவ!"

செல்வகணேஷ் சைக்கிளில் தந்தி ஆபீசுக்குப் பறந்தான். தந்தி என்றால் சுருக்கமாகத்தானே இருக்க வேண்டும்? "மாரிசெல்வி நலம். குழந்தை நலம். உடனே வரவும்" என்று அடித்தான்.

ஞாயிறு காலை வாசலில் வேன் வந்து நின்றது. கடம்பூர்ச் சொந்தம் மொத்தமும் மாரில் அடித்துக்கொண்டு இறங்கியது. முன்னால் மாமா, கையில் பெரிய ரோஜா மாலை.

"மாமா, நான் உசுரோடதான் இருக்கேன்!" என்று மாரிசெல்வி ஓடினாள்.

"தெரியும் தாயி. நீயும் பிள்ளையும் நல்லாருக்கியன்னுதான் தந்தி வந்துச்சே!" மாமா அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் ஓங்கி அழுதார்.

சத்தம் கேட்டு, முகமெல்லாம் சவர நுரையோடு செல்வகணேஷ் வெளியே வந்தான். நாலு பேர் அலறிக்கொண்டு திரும்ப வேனுக்குள் ஏறினார்கள். மாமா மாலையைக் கீழே போட்டார்.

"என்ன மாமா, கறுப்புக் கார்டைப் பாத்துப் பயந்துட்டீங்களா?"

மாமா அவன் வலது கையைப் பிடித்து, அந்தக் கறுப்புப் பெருவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட வந்திருந்த கடம்பூர்த் தபால்காரர் சங்கரபாண்டியன்தான் பதில் சொன்னார்.

"அதுக்கா பயந்தாவ? ஆறு வருசமா ஒங்க கார்டு கறுப்பு இல்லாம வந்ததே கெடையாது தம்பி. வெள்ளிக்கிழமதான் மொத தடவையா ஒண்ணு சுத்தமா வந்துச்சு!"