நாற்காலி முன் நின்ற படலம்

சுண்ணக்கட்டி வெண்பொடி படிந்த சுட்டுவிரலினன், இஸ்திரி மடிப்பு மாலைவரை குலையாக் காற்சட்டையன், இரண்டு பள்ளிகளில் தற்காலிகமாய்ப் பொருது, இரண்டிலும் புறமுதுகு காட்டாமல் மார்பிலேயே பணிநீக்க ஆணை பெற்று, மூன்றாம் பள்ளியின் படியேறிய மொய்ம்பினன், ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் அறிவியல் ஆசிரியன், அவன் தாள் வாழ்க, அவன் தொண்டை வாழ்க, அத்தொண்டைக்குள் எஞ்சியிருக்கும் குரல் நீடு வாழ்க. கரும்பலகைக்கு மேலே கடிகாரத்தின் முதுகில் குடியிருக்கும் பல்லியே, அப்பெரும்போரை ஆதிமுதல் அந்தம்வரை தலைகீழாய்ப் பார்த்தவள் நீ ஒருத்திதான். யாம் சொல்வது மெய்யானால் உச்சுக்கொட்டு. பொய்யானால் வாலை அறுத்துப் போட்டுவிட்டுப் போ.

அவன் எதிர்நின்ற சேனையின் வலியை என்னென்பது. ஆ பிரிவு என்று சொன்ன மாத்திரத்தில் ஆசிரியர் ஓய்வறையில் தேநீர்க் கோப்பைகள் தட்டில் நின்று நடுங்கும். பெஞ்சு முரசம் அதிர, காகித அம்பு பறக்க, ரப்பர் வளைய வில் நாணேற, வணக்கம் என்னும் நற்சொல் தலையும் வாலும் கொய்யப்பட்டு "ணக்" என்ற ஒற்றை விக்கலாய் வந்து விழும் அம்மண்டபத்துள் முன்னர்ப் புகுந்தோர் மூவர். கணக்கு வல்லான் ஒருவன் அஞ்சலக வேலைக்கு எழுதிப் போட்டுத் தப்பினான். வரலாறு வல்லாள் ஒருத்தி தானே வரலாறானாள். ஓவியம் வல்லான் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறான். ஆனால் யாரோடும் பேசுவதில்லை.

அத்தகைய களத்துக்குள் நம் வீரனைச் செலுத்தியவள் வெள்ளி விளிம்புக் கண்ணாடியாள், குதியுயர் செருப்பின் 'டக் டக்' ஒலியாலேயே மூன்று தாழ்வாரங்களை அடக்கி ஆள்பவள், தலைமையாசிரியை. அவள் தன் அறையில் மின்விசிறியைப் பார்த்தபடி அருளிய ஆணை இது:

"வெள்ளிக்கிழமை தாளாளர் வர்றாரு. ஆ பிரிவைத்தான் பாப்பேன்னு பிடிவாதமா இருக்காரு. பசங்க ஒரு பீரியடு மரியாதையா இருந்துட்டா உங்க வேலை நிரந்தரம். இல்லன்னா, சார், தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அவனிடம் தெம்பில்லை. அன்றிரவு இல்லத்தரசியிடம் இதைச் சொன்னபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவ்வம்மை தலை நிமிராமலே வாழ்த்தினாள்: "நல்லாப் பண்ணுங்க. போன ரெண்டு ஊருலயும் சாமானக் கட்டிக் கட்டி என் கையே கயிறாப் போச்சு. இன்னொரு தடவ வீடு மாத்துனா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், நீங்க சாமானோட லாரில போய்க்குங்க." கண்ணீர் வெங்காயத்தால் வந்ததா வேறொன்றால் வந்ததா என்று விசாரிக்க அஞ்சி, வீரன் உறங்கப் போனான்.

திங்களன்று அவன் அறம் உரைத்தான். பிறர் பேசுங்கால் குறுக்கே பேசாதே. வாய் திறக்குமுன் கை தூக்கி அனுமதி கேள். பிறர் அறைக்குள் அனுமதியின்றி அடியெடுத்து வையாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, வயதில் மூத்தவர் அமரும்வரை நீ அமராதே. இவற்றைக் கரும்பலகையில் எழுதி அடியில் இரட்டைக் கோடிட்டான். திரும்பிப் பார்த்தபோது பாதி வகுப்பு சன்னலுக்கு வெளியே ஒரு நாய் இன்னொரு நாயைத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. செவ்வாயன்று மறுபடி உரைத்தான். நாய்கள் வரவில்லை, ஆனாலும் பயனில்லை.

புதனன்று அற்புதம் நிகழ்ந்தது. மூன்றாம் பெஞ்சின் சன்னலோரத்தில் ஒரு சிறுமி. பேருந்து நடத்துநரின் மகள், நாவன்மையில் நிகரிலி, விதி ஒன்று கண்ணில் பட்டால் அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விடாத மதியினள். வகுப்பு அவளை வக்கீல் என்றழைக்கும். செரிமான மண்டலம் என்னும் பாடத்தை ஆசிரியன் தொடங்கிய கணத்தில் அவள் கை தூக்கினாள். அனுமதி கேட்டாள். பெற்றாள். நன்றி சொன்னாள். ஐயம் கேட்கலாமா என்று மீண்டும் அனுமதி கேட்டாள். ஐயம் தீர்ந்ததும் எழுந்து நன்றி சொல்லி, நடுவில் நிறுத்தியதற்கு மன்னிப்பும் கேட்டாள். அவள் அமர, அடுத்தவன் எழுந்தான். அவன் அமர, அவனுக்கடுத்தவள் எழுந்தாள். மழைக்காலத்து ஈசல்போல் கைகள் எழுந்த வண்ணம் இருந்தன. மணி அடித்தபோது செரிமான மண்டலம் வாயைத் தாண்டியிருக்கவில்லை.

பணிவு என்பது கேடயமன்று, வாள் என்று ஆ பிரிவு கண்டுகொண்ட பொன்னாள் அது. நம் வீரனோ, வெள்ளாமை விளைந்த வயலைக் கண்ட உழவன்போல் பூரித்து, வீடு திரும்பும் வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினான்.

வியாழனன்று உணவு இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் கூடிய போர்ச்சபையை அவன் அறியான். அங்கே கடைசிப் பெஞ்சின் கோமகன், கிசுகிசுத்தாலும் அடுத்த தெருவில் கேட்கும் குரலன், ஒலிபெருக்கி என்னும் பட்டப்பெயரினன், கலங்கி நின்றான்.

"தாளாளர் வந்தா வாய்பாடு கேப்பாராம்டீ. எங்க அக்கா வகுப்புல பதினேழாம் வாய்பாடு கேட்டு ஆறு பேரு அழுதுட்டாங்களாம். எனக்குப் பதினொண்ணே தகராறு."

"எப்படிக் கேட்டாராம்?" என்றாள் வக்கீல்.

"வந்தாராம். நாற்காலில உக்காந்தாராம். கண்ணாடியத் தொடச்சு மாட்டுனாராம். ஆரம்பிச்சிட்டாராம்."

"நின்னுக்கிட்டுக் கேக்க மாட்டாரா?"

"நின்னா முட்டி வலியாம்."

வக்கீல் குழாயை மூடினாள். "அப்ப உக்கார விடக் கூடாது. ஆனா மரியாதையாத்தான் விடக் கூடாது."

வெள்ளி விடிந்தது. வந்தான் தாளாளன். கருவண்டும் நாணும்படி சாயம் தோய்ந்த கருங்கேசத்தன், மீசையின் நுனியில் மட்டும் காலம் கசிந்து வெண்மை காட்டும் திருமுகத்தன், தொந்தியை மூச்சால் உள்ளிழுத்துப் படியேறிய இளங்காளை. அவன் வலப்புறம் தலைமையாசிரியை. அவளது அகவையோ, அவளைப் பெற்றவள் ஒருத்தியே அறிந்த மறைபொருள். ஓய்வறையில் அதைக் கணக்கிட முயன்றவர்கள் ஆண்டுக்கொரு விடை கண்டு சோர்ந்தார்கள்.

கடல் எழுந்தாற்போல் எழுந்தது ஆ பிரிவு. தலையும் வாலும் குறையாத முழு வணக்கம் ஒன்று கூரையைத் தொட்டு மீண்டது. நம் வீரனின் நெஞ்சில் சங்கு முழங்கியது. தாளாளன் முகம் மலர, அறையிலிருந்த ஒரே நாற்காலியை, மூன்று கால் உறுதியும் நான்காம் காலுக்கு மடித்த அட்டையும் உடைய அவ்வரியணையை நோக்கி நடந்து, திரும்பி, முழங்காலை மடக்கத் தொடங்கிய அந்நொடியில், மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு சிறு கை உயர்ந்தது.

"ஐயா, பேசலாமா?"

"பேசும்மா, பேசு."

"நன்றிங்க ஐயா. வயசுல பெரியவங்க உக்காந்தப்புறம்தான் மத்தவங்க உக்காரணும்னு சார் சொல்லிக் குடுத்திருக்காரு. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாரு பெரியவங்கன்னு சொன்னீங்கன்னா, அவங்களயே உக்காரச் சொல்லிடலாம்."

பாதி மடங்கிய முழங்கால் பாதியிலேயே நின்றது. அம்பு தைத்த யானை விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தத்தளிப்பதுபோல் ஒரு கணம் அந்தரத்தில் நின்ற தாளாளன், மெல்ல மெல்ல நிமிர்ந்தான். அமர்ந்தால் மூத்தவன். மாதம் இருமுறை மூடிய கதவுக்குப் பின்னே குந்தி மயிரடி தோறும் பூசிய கருமை அத்தனையும் ஓர் அமர்தலில் வெளுத்துப்போகும். தலைமையாசிரியையும் அதை உணர்ந்தாள். உணர்ந்தவள் நாற்காலியிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

"மேடம் உக்காரட்டும்," என்றான் தாளாளன் பெருந்தன்மையோடு.

"ஐயா இருக்கறப்போ நானா? நீங்க உக்காருங்க."

"பெண்களுக்குத்தான் முதல் மரியாதை."

"பதவிக்குத்தான் ஐயா முதல் மரியாதை."

"மன்னிக்கணும் ஐயா," என்றது மூன்றாம் பெஞ்சு, கை தூக்கி, அனுமதி பெற்று. "பதவியில்ல, வயசுன்னுதான் சார் சொன்னாரு. அப்படித்தானே சார்?"

வகுப்பின் அத்தனை கண்ணும் நம் வீரன்மேல் திரும்பின. அப்படித்தான் சொன்னான். இரட்டைக் கோடும் போட்டான். தான் வார்த்த வாளே தன் கழுத்தில் வந்து நிற்பதைக் கண்டவன், "இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வாடா," என்று ஒலிபெருக்கியை ஓய்வறைக்கு ஏவினான். ஐயகோ, அத்தூதன் ஓய்வறை வாயிலை அடைந்தபோது உள்ளே இரு ஆசிரியைகள் ஒரு சீட்டுக்காரி ஊரைவிட்டு ஓடிய கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறர் பேசுங்கால் குறுக்கிடலாகாது. அனுமதியின்றி அடியெடுத்து வைக்கலாகாது. கற்றபடி ஒழுகிய அம்மாணவன் வாசலில் கைகட்டி நின்றான். சீட்டுக்காரியோ ஓடிக்கொண்டே இருந்தாள்.

இங்கே நின்றார்கள். தாளாளன் நின்றான், இடக்காலிலிருந்து வலக்காலுக்கும் வலக்காலிலிருந்து இடக்காலுக்கும் உடலெனும் மூட்டையை மாற்றி மாற்றி. தலைமையாசிரியை நின்றாள், குதியுயர் செருப்பில் பாதம் பழுக்க. ஆ பிரிவு நின்றது, ஆடாமல், அசையாமல், கண்ணில் குறும்பும் முகத்தில் பவித்திரமுமாய். நடுவே காலியாய், கம்பீரமாய், அட்டை ஊன்றிய காலோடு அமர்ந்திருந்தது நாற்காலி ஒன்றுதான். மின்விசிறி சுழன்றது. யாரோ ஒருவர் வயிறு இரைந்தது. "நீங்க", "இல்ல, நீங்க" என்னும் இரு சொற்கள் தாயக்கட்டைபோல் இங்குமங்கும் உருண்டன. ஒவ்வொரு உருளலிலும் தேன் குறைந்தது, நெருப்பு கூடியது. "உங்க அனுபவம் என்ன, என் வயசு என்ன," என்று தாளாளன் நழுவவிட்ட சொல்லுக்கு, "நான் சேர்ந்தப்போ ஐயாதானே என்னை நேர்காணல் பண்ணீங்க," என்று அவள் தொடுத்த கணை நேராகப் போய் மீசையின் வெண்ணுனியில் தைத்தது.

அப்புறம் அவள் பார்வை வெள்ளி விளிம்பைத் தாண்டி நம் வீரன்மீது விழுந்தது. அதில் வசை இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க" என்ற போன வாரத்து வாசகம் மட்டுமே இருந்தது. அவன் கண்முன் லாரி ஒன்று வந்து நின்றது. அதன்மேல் கட்டில், பீரோ, குப்புறக் கவிழ்த்த அண்டா, எல்லாவற்றின் உச்சியிலும் சுருட்டிய பாயைப் பிடித்தபடி அவன் மட்டும் தனியே. அண்ணன் வீட்டுத் திசையில் இன்னொரு வண்டி போய்க்கொண்டிருந்தது.

அப்பொழுது, பல்லியே, நீ பார்த்தாய். ஊழிக்காலத்தில் கரைகடக்கும் கடல்போல, கூண்டின் கதவு திறந்ததறியாது நெடுநாள் கிடந்து திடீரென அறிந்த வேங்கைபோல, முப்பத்துநான்கே வயதான அவ்வீரன், நரையொன்றும் காணாத் தலையை நிமிர்த்தி, தாளாளனுக்கும் தலைமையாசிரியைக்கும் இடையே இருந்த சந்து வழியே தோளை ஒருக்களித்து நுழைந்து, மேலதிகாரிகள் இருவர் நிற்க, தான் கற்பித்த மரியாதை அத்தனையையும் தன் பின்புறத்தின் கீழே இட்டு, தொப்பென்று நாற்காலியில் அமர்ந்தான். அட்டை நழுவியது. நாற்காலி சாய்ந்தது. அவன் அதையும் பொருட்படுத்தாமல் சாய்ந்தபடியே முழங்கினான்:

"இந்த அறையில நான்தான் மூத்தவன்."

வக்கீலின் கை மெதுவாக உயர்ந்தது. "சார், அப்ப உங்களுக்கு என்ன வய..."

"பெரியவங்ககிட்ட வயசு கேக்கக் கூடாதும்மா," என்றான் தாளாளன்.

"அது மரியாதை இல்ல," என்றாள் தலைமையாசிரியை.

இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஈராண்டாக எந்தக் கூட்டத்திலும் ஒத்துப்போகாத இருவர் அவர்கள். கட்டுண்ட கைதி விடுபட்டாற்போல் தாளாளன் மேசை விளிம்பில் கையூன்றி முட்டியைத் தளர்த்தினான். தலைமையாசிரியை ஒரு பாதத்தைச் செருப்பிலிருந்து யாரும் பார்க்காமல் உருவினாள். ஆ பிரிவு, மூத்தவர் அமர்ந்ததால், ஒரே ஒலியோடு அமர்ந்தது. நாற்காலி இல்லாத தாளாளன் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. பதினேழாம் வாய்பாடு பிறவாமலே இறந்தது.

"இப்படி மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்கள நான் எங்கயும் பாத்ததில்ல," என்றான் தாளாளன், நொண்டியபடி வாயிலை நோக்கி நகர்ந்துகொண்டே. "மேடம், வயசான மனுஷன். இதுக்குமேல எங்க போய் வேலை தேடுவாரு? நிரந்தரம் பண்ணிடுங்க."

"பண்ணிடலாம் ஐயா. பாத்தா தெரியறதே இல்ல, பாவம்."

அவர்கள் போனபின்பும் நம் வீரன் எழவில்லை. நழுவிய அட்டையைக் காலால் துழாவினான். மூன்றாம் பெஞ்சை நோக்கினான். மூன்றாம் பெஞ்சு அவனை நோக்கியது. எதிரெதிர் பாசறைகளில் இரவெல்லாம் விழித்த இரு படைத்தலைவர்கள் பொழுது விடிந்து ஆற்றங்கரையில் பல் துலக்கும்போது சந்தித்துக்கொண்ட பார்வை அது. வக்கீல் எழுந்து, கை தூக்கி, அனுமதி கேளாமலே சொன்னாள்: "தேங்க்ஸ் சார்."

அவ்வாறு வாகை சூடினான் வெண்சுண்ண விரலினன்; அவன் இல்லத்தில் சாமான்கள் கட்டவிழ்ந்தன, கயிறுகள் கொடியாகி ஈரத்துணி சுமந்தன, அண்ணன் வீட்டு வழியில் புல் முளைத்தது; ஆ பிரிவை அடக்கிய அடலேறு என்று தாழ்வாரங்கள் தோறும் அவன் புகழ் பரவி, ஓவியம் வல்லானும் மௌனம் கலைத்து எதிரே வந்து வணங்கி, பெரியவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.